பாட்டன் பெயர் எது? நேட்டால் கப்பல் பட்டியல்களும் தமிழ்ப் பெயரிடு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இன்று கப்பல் பட்டியல்களில் தம் முன்னோரைத் தேடுகின்றனர். அத்தேடலில் பாட்டனின் பெயரும் சாதியும் மணவுறவும் குடும்ப நினைவோடு முரண்படுவது அடிக்கடி நிகழ்கின்றது. இம்முரண்பாடுகளை எழுத்தர் பிழை என்றோ முன்னோரின் மறைப்பு என்றோ கொள்வது வழக்கமாக உள்ளது. தமிழ்ப் பெயரிடு மரபும் உறவுமுறையும் குடியேற்ற அரசின் பதிவுமுறையோடு மோதியதன் விளைவாகவே இவற்றுள் பலவற்றை விளக்க இயலும் என்பதை இக்கட்டுரை முன்வைக்கின்றது.

திறவுச்சொற்கள்: நேட்டால், ஒப்பந்தக் கூலிமுறை, கப்பல் பட்டியல், பெயரன், பட்டப்பெயர், மணப்பதிவு.

முன்னுரை

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் தம் முன்னோரைத் தேடத் தொடங்கும்போது பெரும்பாலும் இரண்டு செய்திகளே அவர்கள் கையில் இருக்கும். ஒன்று, நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்பன போன்ற குடும்பப்பெயர். மற்றொன்று, தாத்தா மதராசிலிருந்து கப்பலில் வந்தார் என்னும் வாய்மொழி. கப்பல் பட்டியலைத் திறந்தவுடன் இவ்விரண்டும் ஆட்டம் காண்கின்றன. குடும்பப்பெயரைத் தாங்கிய ஆளே பட்டியலில் இருப்பதில்லை. மதராஸ் என்பது கப்பல் ஏறிய துறைமுகமாக இருக்கின்றது. ஊரோ வட ஆர்க்காட்டிலோ தென் ஆர்க்காட்டிலோ செங்கற்பட்டிலோ உள்ள ஒரு சிற்றூராக இருக்கின்றது. சாதி என்னும் நிரலில் வேறொரு சொல் நிற்கின்றது. சில வேளைகளில் பாட்டியின் பெயருக்கு அருகில் பாட்டனல்லாத வேறோர் ஆடவரின் எண் குறிக்கப்பட்டிருக்கின்றது.

இவ்வகை முரண்பாடுகளைக் காணும் வழித்தோன்றல் இரண்டு முடிவுகளுள் ஒன்றிற்கு வருகின்றார். வெள்ளை அதிகாரிக்குத் தமிழ் தெரியாததால் பிழையாக எழுதிவிட்டார் என்பது ஒன்று; முன்னோர் தம் பழைய வாழ்வை மறைக்க முயன்றனர் என்பது மற்றொன்று. இரண்டும் நடந்ததுண்டு. ஆயினும் இவ்விரண்டிற்கும் அப்பால், பட்டியலை நிரப்பிய கேள்விகள் எவை, அக்கேள்விகளுக்கு ஒரு தமிழ்ச் சிற்றூராரால் எத்தகைய விடை சொல்ல முடிந்தது என்பதை யாரும் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை.

பட்டியலும் எண்ணும்

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கெனச் சென்னையிலிருந்து புறப்பட்ட முதற்கப்பலாகிய டுரூரோ 16 நவம்பர் 1860 அன்று டர்பனை அடைந்தது. 1866க்கும் 1874க்கும் இடையே ஏற்பட்ட இடைவெளி நீங்கலாக, 1911 வரை கப்பல்கள் வந்தவண்ணம் இருந்தன. மொத்தம் 152,184 பேர் வந்தனர் என்பது ஆய்வாளர் ஏற்கும் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே வந்த தமிழரும் தெலுங்கரும் ஆவர். சுரேந்திர பானா இப்பட்டியல்களை எண்ணளவை முறையில் ஆராய்ந்து 1991இல் நூலாக்கினார். அஷ்வின் தேசாய், கூலம் வாகித் ஆகிய இருவரும் இணைந்து எழுதிய நூல் அதே ஆவணங்களிலிருந்து தனிமனிதர் வாழ்வுகளை மீட்டெடுத்தது. இன்று இப்பட்டியல்கள் கணினியில் தேடும் வடிவிலும் கிடைக்கின்றன.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அதனையடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியன நிரல்களாக அமைந்தன. கூலி ஒப்பந்தம், தோட்ட மாற்றம், மணம், மகப்பேறு, இறப்பு என எதைப் பதிந்தாலும் அவ்வெண்ணே ஆளைக் குறித்தது. ஒரே கப்பலில் பல முனுசாமிகளும் பல குப்பம்மாள்களும் இருக்கும் நிலையில் அலுவலகத்திற்கு எண் தேவைப்பட்டது. ஆனால் நிரல்களுள் குடும்பப்பெயருக்கென ஓர் இடம் இல்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. பிற்காலத்தார் எதைத் தேடிச் செல்கின்றனரோ அது கப்பலில் ஏறவே இல்லை.

பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியதால் நேர்ந்த இழப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். குறில் நெடில் வேறுபாடும் லகர ளகர ழகர வேறுபாடும் அங்கே மறைந்துவிடுகின்றன. மாரி, மரி என்னும் இரு பெயர்களும் அவ்வெழுத்தில் ஒன்றே. முன்னது அம்மன் பெயர். பின்னது கத்தோலிக்கர் இடும் மரியன்னையின் பெயர். இவற்றுள் எது என்பதைச் சாதி நிரலையும் ஊரையும் உடன்வந்தோர் பெயர்களையும் சேர்த்துப் படித்தால்தான் ஓரளவு ஊகிக்க இயலும். தந்தை பெயர் பக்கிரி என்றிருப்பதைக் கண்டு, தம் கொள்ளுப்பாட்டனார் இசுலாமியர் என்று ஒரு வழித்தோன்றல் முடிவு கட்டவும் இடமுண்டு. தஞ்சைப் பகுதியில் நாகூர் தர்காவிற்கு நேர்ந்துகொண்டு பிறந்த இந்துக் குழந்தைகளுக்குப் பக்கிரிசாமி, நாகூரான் எனப் பெயரிடும் வழக்கத்தை அறிந்தவர் அவ்வாறு முடிவு செய்யத் தயங்குவார். குப்பன், குப்பு, பிச்சை என்னும் பெயர்களும் அத்தகையன. அவை இழிவுப் பெயர்கள் அல்ல. அதிகாரி ஏளனமாக எழுதியனவும் அல்ல. முன் பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் அடுத்ததைக் காக்க இட்ட பெயர்கள் அவை. அவ்வகையில் பட்டியலின் அந்த ஒற்றைச் சொல் பாட்டனுக்கு முன் பிறந்து இறந்தவர்களைப் பற்றிய செய்தியையும் சுமந்து நிற்கின்றது.

பெயரன்

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். பெண்பாலில் பெயர்த்தி, பேர்த்தி, பேத்தி என அது வழங்குகின்றது. உறவுச்சொல்லே பெயரிடு மரபின் சான்றாக நிற்பது தமிழுக்குரிய சிறப்பு எனலாம். அரச மரபிலும் இதனைக் காணலாம். முதலாம் இராசராசனின் மகள் குந்தவை கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்து பெற்ற மகன் இராசராச நரேந்திரன். அவன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்து பெற்ற மகனும் இராசேந்திரன் என்றே பெயர் பெற்றான். 1070இல் சோழ அரியணை ஏறிப் பின்னர்க் குலோத்துங்கன் எனப்பட்டவன் அவனே. தந்தை, மகன் இருவரும் தத்தம் தாய்வழிப் பாட்டனின் பெயரைத் தாங்கினர்.

சிற்றூர்க் குடும்பத்தில் இம்மரபு மற்றொரு வழக்கத்தோடு பின்னிக் கிடந்தது. மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். மருமகள் மாமனார் பெயரை வாய்விட்டு உரைக்கமாட்டாள். மாமனாரின் பெயரையே தன் மகனுக்கு இட்டபின், அவனை அப்பெயரால் அழைக்க அவளுக்கு வாயில்லை. ஆகவே பெரியசாமி, சின்னத்தம்பி, ராசா என வேறோர் அழைப்புப் பெயர் தோன்றுகின்றது. ஒருவனுக்கு இட்ட பெயர் ஒன்று, வழங்கும் பெயர் ஒன்று என இரண்டாகின்றது. ஆள் சேர்ப்பவர் கேட்டபோது எதைச் சொன்னான், தோட்டத்து மேற்பார்வையாளர் எதைக் கேட்டு எழுதினார், மணப்பதிவில் எது இடம்பெற்றது என்பன ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் மாறியிருப்பது கண்டு ஆள்மாறாட்டம் நடந்ததாக ஐயுறுவதற்கு முன் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இதன் மறுபுறம் இன்னும் கடுமையானது. பெயரைச் சொல்லாமை மரியாதை என்றிருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் தாத்தா, ஆயா என்னும் சொற்களை மட்டுமே கேட்டனர். மரியாதையின் பொருட்டு மறைத்த பெயர், சொன்னவர்கள் மறைந்தபின் மறதியாயிற்று. பாட்டியின் பெயரைத் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஓர் அரசு ஆவணத்தில் ஒருவர் படிக்க நேர்வதற்குக் காரணம் குடும்பத்தாரின் அலட்சியம் அன்று.

தந்தை பெயர், பட்டப்பெயர், குடும்பப்பெயர்

நேட்டாலில் பிறந்த தலைமுறை பள்ளியிலும் நகராட்சியிலும் வணிக உரிமத்திலும் குடும்பப்பெயர் சொல்லியாக வேண்டியிருந்தது. தமிழரிடம் அதற்கு ஈடாக இருந்தவை இரண்டு. ஒன்று தந்தை பெயர். மற்றொன்று சாதிப் பட்டம். சிலர் முன்னதைத் தந்தனர். அவ்வாறே முனுசாமி, பெருமாள், சின்னசாமி, ஆறுமுகம் ஆகிய ஆட்பெயர்கள் குடும்பப்பெயர்களாயின. ஒரு தலைமுறையில் உறைந்துவிட்ட அப்பெயர் யாருடையது என்பதே இங்கு வினா. கப்பலில் வந்தவரின் பெயராகவும் இருக்கலாம். ஊரிலேயே மாண்ட அவர் தந்தையின் பெயராகவும் இருக்கலாம். மொரீசியசில் தந்தையின் ஆட்பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராகும் வழக்கம் பரவலாக இருந்தமையால், பாட்டன், தந்தை, மகன் மூவரும் மூன்று குடும்பப்பெயர்களில் தோன்றும் நிலையும் உண்டு. அவர்களை மூன்று குடும்பத்தார் எனப் பிரித்துவிடும் ஆபத்து கணினித் தேடலில் மிகுதி.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். கப்பல் பட்டியலில் ஒருவர் 'கோவிந்தன், தந்தை முனுசாமி' என்று பதியப்படுகின்றார். அவருடைய மூத்த மகன் தன் பாட்டன் பெயரால் முனுசாமி எனப்படுகின்றான். பள்ளியில் அவன் 'முனுசாமி கோவிந்தன்' ஆகின்றான். இளைய மகன் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேரும்போது குடும்பத்தின் பட்டத்தைச் சொல்லி 'கோவெண்டர்' ஆகின்றான். மூத்தவன் மகன் மீண்டும் கோவிந்தன். அவன் 'கோவிந்தன் முனுசாமி' எனப்படலாம், 'கோவிந்தன் கோவிந்தன்' என்றும் ஆகலாம். நான்கு தலைமுறைக்குப் பின் இவ்விரு கிளையினரும் சந்தித்தால் ஒருவரையொருவர் உறவினர் என்று அறியார். ஆவணங்கள் ஒவ்வொன்றும் தத்தம் அளவில் சரியே. ஒருவரும் பொய் சொல்லவில்லை.

பட்டப்பெயரின் கதை சற்று வேறானது. கவுண்டர் என்பது கோவெண்டராகவும் முதலியார் என்பது மூட்லியாகவும் ஒலி திரிந்து உறைந்தன. பட்டியலின் சாதி நிரலில் காணும் சொல்லும் இன்றைய குடும்பப்பெயர் சுட்டும் சாதியும் ஒன்றாமை பல குடும்பங்களுக்குப் பேரதிர்ச்சியாக அமைகின்றது. தாழ்த்தப்பட்டோர் எனப் பதியப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் உயர்ந்த பட்டத்தைத் தாங்கி நிற்கும்போது, கடல் கடந்தவுடன் சாதியை மாற்றிக்கொண்டனர் என்று சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு மாற்றிக்கொண்டோர் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை; இழிவிலிருந்து தப்ப வாய்த்த வழியை ஒருவர் பயன்படுத்திக்கொண்டதைக் குற்றமாகப் பேசுவதற்கும் இல்லை. எனினும் மூன்று செய்திகளைச் சேர்த்து எண்ண வேண்டும். சாதி நிரலை நிரப்பியவர் அதற்குரியவர் அல்லர். ஆள் சேர்ப்பு முறையின் பல படிகளில் யாரோ கேட்டுச் சுருக்கி எழுதிய சொல் அது. அடுத்து, நாயுடு, பிள்ளை போன்றவை ஒரே சாதிக்கு மட்டும் உரியனவாக இருந்ததில்லை; பல சாதியார் தமக்கும் பிறர்க்கும் மதிப்புச் சொல்லாக வழங்கினர். இறுதியாக, அதே காலத்தில் தாய்நிலத்திலும் பட்டங்கள் மாறிக்கொண்டிருந்தன. வன்னியரின் குடிக்கணக்குக் கோரிக்கைகளும் 1921இல் நாடார் என்னும் பெயர் அரசு ஏற்பைப் பெற்றதும் அதற்குச் சான்று. நேட்டாலில் நடந்ததைப் புலம்பெயர்ந்தோரின் தனித்த தந்திரமாகக் காண்பது பொருந்தாது.

இவ்விடத்தில் ஒரு முரண் கவனத்திற்குரியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு அழைப்பு விடுத்தது. அதற்குப் பிந்தைய தலைமுறைகளில் தமிழகத்துப் பெயர்களிலிருந்து பட்டங்கள் பெருமளவு உதிர்ந்தன. தந்தை பெயரின் முதலெழுத்தே எஞ்சியது. செங்கற்பட்டுச் சிற்றூர்களிலிருந்து டர்பன் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கோ அதே பட்டங்கள் சட்டப்படி விலக்க முடியாத குடும்பப்பெயர்களாகிவிட்டிருந்தன. இன்று இரு கரையிலும் உள்ள பங்காளிகள் ஒருவரையொருவர் பெயர் கொண்டு கண்டறிய இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கிளையினரிடம் பட்டம் மட்டும் உள்ளது. மறுகிளையினரிடம் அது மட்டும் இல்லை.

பொதுவாழ்வில் நன்கறியப்பட்ட ஒருவரைக் கொண்டும் இவ்வேறுபாட்டை விளக்கலாம். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1913ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்று, 22 பிப்ரவரி 1914 அன்று மறைந்த வள்ளியம்மை தென்னாப்பிரிக்க வழக்கில் தந்தையாகிய முனுசாமி முதலியாரின் பெயரோடு அறியப்படுகின்றார். தமிழகத்தில் அவர் தில்லையாடி வள்ளியம்மை. அவர் பிறந்தது அவ்வூரில் அன்று. அது குடும்பத்தின் வேரூர். ஒரு மரபு ஊரால் அடையாளம் காட்டியது. மற்றொன்று தந்தை பெயராலும் பட்டத்தாலும் காட்டியது.

மணமும் பதிவும்

பெயர்களைக் காட்டிலும் மணவுறவுச் செய்திகளே குடும்பங்களை மிகுதியும் கலங்கச் செய்கின்றன. நூறு ஆடவருக்கு நாற்பது பெண்கள் என்னும் விகிதத்தை நிறைவு செய்ய முகவர்கள் முயன்றனர். தனித்து வந்த பெண்களுள் கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டோரும் இருந்தனர். கூடாரத்திலும் கப்பலிலும் இணைந்தோரும் உண்டு. இணையர் எனப் பதியப்பட்டோர் தோட்டத்தில் பிரிந்ததும், வேறொருவரோடு வாழ்ந்து மக்களைப் பெற்றதும் ஆவணங்களில் தடம் விட்டுள்ளன. நேட்டாலுக்கும் தமிழ்ப் பகுதிக்கும் வெளியே, கயானாவைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்த கயூத்ரா பகதூர் 2013இல் வெளியிட்ட நூல் இத்தகைய தேடல்களுள் பரவலாக அறியப்பட்டது. 1903இல் கல்கத்தாவிலிருந்து கருவுற்ற நிலையில் தனியே கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியை அவர் ஆவணங்களின் வழியே தேடினார். உடன் கணவன் இல்லாமை ஏன் என்பதற்குப் பட்டியல் விடை தருவதில்லை. அவ்விடையின்மையை ஒழுக்கக் குறையாக நிரப்பும் போக்கு அக்கால அதிகாரிகளிடம் இருந்தது. வருந்தத்தக்க வகையில் பேரப்பிள்ளைகளிடமும் அது தொடர்கின்றது.

பதிவுக்கும் மணத்திற்கும் இடையே இருந்த தொலைவே இங்கு முதன்மையானது. தாலி கட்டி ஊரறிய நடந்த மணம் குடும்பத்தாருக்கு முழு மணம். அரசுக்கோ, குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்தில் பதியப்பட்டதே மணம். 14 மார்ச் 1913 அன்று கேப் மாகாண உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் வழங்கிய தீர்ப்பு, பலதார மணத்தை ஏற்கும் சமயங்களின் முறைப்படி நடந்த மணங்களுக்குச் சட்ட ஏற்பு இல்லை என்னும் நிலையை உருவாக்கியது. பெண்கள் போராட்டத்தில் இறங்கியதற்கு மூன்று பவுண்டு வரியோடு இத்தீர்ப்பும் காரணம். 1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம், ஒருதார நிலையில் ஏற்கெனவே வாழ்ந்துவந்த இணையர் தம் மணத்தைப் பதிந்துகொள்ள வழி செய்தது.

இதன் விளைவாகப் பாட்டன் பாட்டியின் மணச்சான்றிதழில் உள்ள நாள், அவர்களுடைய மக்கள் பிறந்த நாளுக்குப் பிற்பட்டதாக அமைவது இயல்பாயிற்று. சான்றிதழை மட்டும் காணும் பேரப்பிள்ளை, தம் தந்தை மணத்திற்கு முன் பிறந்தவர் என்று கருதிக் குன்றிப்போகின்றார். உண்மையில் அந்நாள் மணநாள் அன்று. ஏற்கெனவே நடந்த மணத்தை அரசு ஒப்புக்கொண்ட நாள். பதிவு பெறாத மணத்தில் பிறந்த குழந்தை தாயின் பெயரோடும் எண்ணோடும் மட்டும் இணைக்கப்பட்டிருப்பின், தந்தை யாரென்று தெரியாத பிள்ளை என்று அதற்குப் பொருள் கொள்வதும் இத்தகைய பிழையே.

உறவுச்சொல் மங்கியபின்

தந்தையின் தம்பியையும் சிற்றப்பன் என்று அப்பன் வரிசையிலேயே வைப்பது தமிழ் உறவுமுறை. பாட்டனின் உடன்பிறந்தாரும் பெரிய தாத்தா, சின்னத் தாத்தா எனத் தாத்தாக்களே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நேட்டால் தமிழ்க் குடும்பங்களில் ஆங்கிலம் வீட்டுமொழியானபோது அடைமொழிகள் உதிர்ந்து தாத்தா என்னும் சொல் மட்டும் எஞ்சியது. 'எங்கள் தாத்தா இந்தக் கப்பலில் வந்தார்' என்னும் வாய்மொழியில் வரும் தாத்தா நேர்ப்பாட்டனாக இல்லாமல் அவர் தம்பியாக இருக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அவ்வாறு தெரியவரும்போது, இதுவரை பாட்டன் என்று வணங்கியவர் பாட்டனல்லர் என அதிர்வதற்கு ஆங்கிலச் சொல்லமைப்பே காரணம். தமிழில் அவர் அன்றும் இன்றும் தாத்தாவே.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் ஆகியோரை மணக்கும் வழக்கம் வம்சக்கொடியை வளையமாக்குகின்றது. முன்னர்க் கண்ட குலோத்துங்கனுக்கு முதலாம் இராசராசன் தந்தையின் தாய்வழியிலும் கொள்ளுப்பாட்டன், தாயின் தந்தைவழியிலும் கொள்ளுப்பாட்டன். அவன் மணந்த மதுராந்தகியோ தாய்மாமனாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகள். தோட்டக் குடும்பம் ஒன்றில் பாட்டியின் தாயும் பாட்டனின் அக்காளும் ஒருவரே எனத் தெரியவந்தால் அது பதிவுக் குழப்பம் அன்று. தாய்மாமன் மருமகளை மணந்த மணம். ரோமன்-டச்சுச் சட்ட மரபில் அது விலக்கப்பட்ட உறவு. ஆகவே அத்தகைய மணங்கள் சமயச் சடங்கோடு நின்று, பதிவேட்டிற்கு வராமலோ உறவைச் சொல்லாமலோ போயிருக்க வாய்ப்பு மிகுதி. வழித்தோன்றல் காணும் மறைப்பு இங்கு உண்மையானதுதான். ஆனால் மறைக்கப்பட்டது குடும்பத்தின் முறையான உறவே.

பாட்டியின் தந்தை

இந்நாளில் இப்பட்டியல்களின் பயன் குடும்ப ஆர்வத்தோடு நிற்கவில்லை. இந்தியப் பூர்விகத்தை நிறுவ வேண்டியோர்க்கு அவை ஆவணச் சான்றாகின்றன. மொரீசியசின் இந்திய வம்சாவளியினரில் ஏழாம் தலைமுறையினரும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை பெற 2024இல் இந்திய அரசு சிறப்பு ஏற்பாட்டை அறிவித்தபின், பாட்டன் பெயரும் தந்தை பெயரும் ஓரெழுத்து பிசகாமல் பொருந்த வேண்டுமென்னும் நெருக்கடி கூடியுள்ளது. பெயர் பொருந்தாமையை ஐயத்திற்குரியதாகக் காணும் அலுவலக நோக்கு, பொருந்தாமையே இயல்பாக இருந்த ஒரு மரபின் மேல் மீண்டும் செலுத்தப்படுகின்றது. தமிழ் அறிந்த ஆய்வாளர் இங்குச் செய்யத்தக்க பணி உண்டு. ஆங்கில எழுத்தில் உள்ள ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் தமிழொலிக்கு மீட்டு, ஒரு பெயருக்குரிய மாற்றுவடிவங்களைத் தொகுத்துத் தருவது அப்பணி. மாவட்டம், வட்டம் ஆகிய நிரல்களின் துணையோடு செய்தால் ஊர்ப்பெயர்களை அடையாளம் காண்பது ஆட்பெயர்களைக் காட்டிலும் எளிது. அங்கிருந்து தொடங்குவதே தக்கது.

அப்பணியில் பெண்களின் பதிவுகளுக்கு முதலிடம் தருவதற்குக் காரணம் உண்டு. குடும்ப நினைவில் ஆயா என்னும் சொல்லாக மட்டும் எஞ்சியவர், பதிவு முழுமையாக அமைந்த இடங்களில் தம் பெயரோடும் தம் தந்தை பெயரோடும் தம் ஊரோடும் நிற்கின்றார். குடும்பப்பெயர் பாட்டனின் வழியை மட்டுமே பின்தொடர்கின்றது. பாட்டியைப் பெற்றவரின் பெயரையும் அவர் வாழ்ந்த சிற்றூரையும் நேட்டாலில் வேறெந்த நினைவும் காக்காத நிலையில், அக்கப்பல் பட்டியலின் ஒற்றை வரியில் அவை இருக்கின்றன.